பல வருஷமா ட்யூன் பண்ணாத பியானோவுக்கு ட்யூனர் ஏன் கூடுதலா காசு கேக்குறாரு?

நான் பியானோ ட்யூனர்தான், அதனால காசு கேக்குற பக்கத்துல இருந்து சொல்றேன். 12 வருஷமா யாரும் தொடாத அப்ரைட் பியானோ, ட்யூனர் வந்து பாத்துட்டு வழக்கமான ரேட்டுக்கு மேல "பிட்ச் ரெய்ஸ்"னு (இறங்கிப் போன சுருதியை மேல ஏத்துறது) தனியா ஒண்ணு கேட்டாரு, ஏமாத்துறாரான்னு கேட்டிருக்கீங்க. பெரும்பாலும் இல்ல.

எல்லா ஓனரும் கேக்குறது, யாரும் வாசிக்கவே இல்லையே, அப்புறம் எப்படி சுருதி இறங்கும்னு. வாசிச்சாலும் வாசிக்காட்டியும் உள்ள இருக்கிற 220 சொச்சம் கம்பியும் ராத்திரி பகலா இழுத்துக்கிட்டேதான் நிக்குது, மொத்தமா 18 டன் கிட்ட வரும், அது போதாதுன்னு ஈரத்துல சவுண்ட்போர்டு (கம்பியோட சத்தத்தைப் பெருசாக்குற மரப்பலகை) உப்பும், காஞ்சா சுருங்கும், வருஷக்கணக்குல இப்படியே போனா கம்பி இறங்காம என்ன பண்ணும்.

இதெல்லாம் வாயால விளக்குறத நான் எப்பவோ விட்டுட்டேன். ட்யூனிங் ஃபோர்க்கை முட்டியில தட்டி அதோட காம்பை பியானோ மரத்துல வைப்பேன், ஏ ஸ்வரத்தோட சரியான சுருதியான 440 ஹெர்ட்ஸ்ல "ஊம்"னு வரும், உடனே அந்த ஏ கீயை ஓனரையே அழுத்தச் சொல்வேன். ரெண்டும் ஒட்டாது, கேக்கவே பல்லு கூசும். ஒருத்தர் மட்டும் "ஃபோர்க் பழசாயிடுச்சோ சார்"னாரு 😀

அந்த ஏ 428ல இருக்குன்னு வைங்க. 12தானே குறைவுன்னு தோணும், ஆனா அது கிட்டத்தட்ட பாதி செமிடோன் (அடுத்தடுத்த ரெண்டு கீக்கு நடுவுல இருக்கிற இடைவெளி), 50 சென்ட் கிட்ட; ஒரு செமிடோனை நூறா பிரிச்சா ஒரு பங்குதான் சென்ட். அதை மேல கொண்டு வர ஒவ்வொரு கம்பியிலயும் இழுப்பை 6 சதவீதம் மாதிரி ஏத்தணும், எல்லாம் சேந்தா ஏறக்குறைய ஒரு டன். நான் ஒவ்வொண்ணா ஏத்த ஏத்த கம்பியைத் தாங்குற பிரிட்ஜ்ங்கிற மரக்கட்டை வழியா பாரம் இறங்கி சவுண்ட்போர்டு அமுங்குது, அது அமுங்கினா அரை மணி முன்னாடி கச்சிதமா வச்ச கம்பியெல்லாம் திரும்ப தொய்ஞ்சுடும். கயித்துக் கட்டில்ல ஒரு பக்கம் இறுக்கினா மறுபக்கம் தொய்யுமே, அதே கதை. அதனால முதல் சுத்து வெறும் தூக்கி விடறதுதான், எப்படியும் இறங்கும்னு தெரிஞ்சே நடுப்பகுதி கம்பியில எவ்வளவு குறைவோ அதுல கால் பங்கு அளவுக்கு சரியான சுருதியைத் தாண்டி வைப்போம். அதுக்கப்புறம்தான் நிஜ ட்யூனிங்கே ஆரம்பம். நீங்க குடுக்கிற கூடுதல் காசு அந்த முதல் சுத்துக்கு.

கம்பி அறுந்தா அது வேற கணக்கு. துருப்பிடிச்ச கம்பி பெரும்பாலும் ட்யூனிங் பின்னுல (கம்பியை இறுக்குற ஆணி) சுத்தியிருக்கிற இடத்துலதான் போகும், முதல்ல ஒரு பொட்டு இறக்கி துருவை விடுவிச்சுட்டு அப்புறம் ஏத்துவோம், அப்பவும் சிலது போகும். புதுசுல நான் இதை முன்னாடியே சொல்லாம, பின்னைத் திருப்புற லீவரைப் போட்டு செம்பு சுத்தின ஒரு பேஸ் கம்பி (கீழ் சுருதி கம்பி) படார்னு போச்சு, "நீங்க வர்ற வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு"ன்னாங்க, பதில் இல்ல என்கிட்ட. அந்தக் கம்பி அளவு குடுத்து சுத்தி வாங்கணும், கைக்காசுதான் போச்சு. இப்பல்லாம் மூடியைத் திறக்குறதுக்கு முன்னாடியே பிட்ச் ரெய்ஸ், கம்பி அறுறது ரெண்டையும் சொல்லிடறேன். ஏத்தின பியானோ உடனே நிக்காது, ரெண்டு மூணு மாசத்துல இன்னொரு தடவை வரணும்ங்கிறதையும் சேத்துதான்.

சந்தேகமா இருந்தா எத்தனை சென்ட் குறைவுன்னு கேளுங்க, போன்ல ட்யூனர் ஆப் போட்டு நீங்களே பாக்கலாம். அஞ்சு சென்டுக்கு யாராவது தனி காசு கேட்டா தாராளமா சண்டை போடுங்க.

ஏத்தவே வேணாம்னாலும் வழி இருக்கு, இப்ப இருக்கிற சுருதியிலயே கம்பிகளை ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போற மாதிரி ட்யூன் பண்ணி வச்சுடலாம். கம்பி ரொம்ப துருன்னா நானே அதைத்தான் சொல்வேன், அதுக்கு சாதாரண ரேட்டுதான். தனியா வாசிக்கிற வரைக்கும் ஒண்ணும் தெரியாது, பக்கத்துல ஒரு கீபோர்டோ புல்லாங்குழலோ வந்து உக்காந்தாதான் வம்பு.