பெட்டி புதிது, வயர் பழையது

(சேலம் அம்மாபேட்டையில் முப்பத்தெட்டு ஆண்டுகளாக வயரிங் வேலை செய்துவரும் மின் ஒப்பந்ததாரர், வாசகர்களின் வீட்டு மின்சாரச் சந்தேகங்களுக்குப் பதில் அளிக்கிறார்.)

கேள்வி: மாமனார் 1964-ல் கட்டிய வீட்டில் இருக்கிறோம். சுவரில் தேக்கு ரீப்பர் அடித்து, அதன்மேல் கிளிப் போட்டு ஓட்டிய பழைய வயரிங். கிரைண்டர் போட்டால் கூடத்து விளக்கு மங்குகிறது. ஈரக் கையோடு ஃப்ரிட்ஜைத் தொட்டால் சுருக்கென்று இழுக்கிறது. பியூஸ் கட்டைகளை எடுத்துவிட்டு எம்.சி.பி. (தானே அணையும் பாதுகாப்பு ஸ்விட்ச்) பெட்டி வைத்தால் போதும், வயரைத் தொட வேண்டாம் என்கிறார் மாப்பிள்ளை. சரிதானா ஐயா?
- வாசகி, செவ்வாய்ப்பேட்டை

பதில்: போதாது அம்மா. பெட்டியைப் பற்றிப் பிறகு பேசுவோம். முதலில் அந்த ஃப்ரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். எர்த்தை, அதாவது கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் இணைப்பை, சரிபார்க்கும் வரை ஃப்ரிட்ஜ் ஓட வேண்டாம். காலில் செருப்பு இருந்ததாலோ, தரை காய்ந்திருந்ததாலோதான் அது சுருக்கோடு நின்றிருக்கிறது. தரையைக் கழுவிவிட்ட நாளில் அப்படி நிற்காது.

உங்கள் வீட்டில் எர்த் இருக்கிறதா என்பதே என் முதல் சந்தேகம். அந்தக் காலத்தில் எர்த் கம்பியை இரும்புத் தண்ணீர்க் குழாயில் சுற்றிவிடும் வழக்கம் இருந்தது. குழாய் மண்ணுக்குள் ஓடியதால் அது வேலையும் செய்தது. பிறகு துருப்பிடித்த குழாயை எடுத்துவிட்டுப் பிளாஸ்டிக் குழாய் போட்டார்கள். கம்பி மட்டும் சுவரோரம் அப்படியே நிற்கிறது. பார்ப்பவர்களுக்கு எர்த் இருப்பதுபோலத் தெரியும். மண்ணோடு அதற்கு எந்தத் தொடர்பும் இருக்காது.

இதைவிட மோசமான ஒன்றைக் கிச்சிப்பாளையத்தில் ஒரு வீட்டில் பார்த்தேன். அரிசி அரைத்துக்கொண்டிருந்த அம்மாவை கிரைண்டர் தூக்கி எறிந்துவிட்டது. முழங்கை சுவரில் மோதியது. நல்லவேளையாக உயிர் தப்பினார். மெயினை அணைத்துவிட்டு அந்த பிளக் பாயின்ட்டின் தகட்டைக் கழற்றினேன். உள்ளே இரண்டு அங்குல நீளத்தில் ஒரு கறுப்பு வயர், நியூட்ரல் (மின்சாரம் திரும்பிப் போகும் வயர்) திருகிலிருந்து எர்த் திருகுக்குத் தாவியிருந்தது. எர்த் இல்லாத வீட்டில், இருப்பதாகக் காட்டுவதற்கு யாரோ செய்த வேலை. பேஸுக்கும் (மின்சாரம் வரும் வயர்) எர்த்துக்கும் நடுவே பல்பு வைத்துச் சோதித்தால் பளிச்சென்று எரியும், வீட்டுக்காரரும் நம்பிவிடுவார். ஓட்டுக்கு அடியில் நியூட்ரல் வயரை எலி கடித்துத் துண்டித்த அன்று, மோட்டார் வழியாக வந்த மின்சாரம் அந்த இரண்டு அங்குல வயரில் ஏறிக் கிரைண்டரின் உடம்பு முழுக்க 230 வோல்ட்டாக நின்றது. அந்தத் துண்டை இன்னும் என் கருவிப் பெட்டியில் வைத்திருக்கிறேன். வேலை கற்றுக்கொள்ள வரும் பையன்களுக்கு முதல் நாளே அதைக் காட்டுவேன்.

எனவே முதல் செலவு எர்த் குழிக்கு. இரண்டரை மீட்டர் ஜி.ஐ. பைப்பை இறக்கி, சுற்றிலும் கரியும் உப்பும் அடுக்கடுக்காகப் போட்டு, மேலே தண்ணீர் ஊற்ற ஒரு புனல் வையுங்கள். நம் ஊர் ஏப்ரல், மே வெயிலில் மண் காய்ந்தால் எர்த்தும் பலமிழக்கும். செடிக்கு ஊற்றும்போது அதற்கும் ஒரு குடம் ஊற்றுங்கள்.

இனி மாப்பிள்ளை சொன்ன பெட்டி. எம்.சி.பி. காப்பது வயரை, ஆளை அல்ல. வயர் தாங்காத அளவு மின்சாரம் ஓடினால் அது விழும், அதாவது தானே இணைப்பைத் துண்டிக்கும். அவ்வளவுதான் அதன் வேலை. ஆளைக் காப்பது ஆர்.சி.சி.பி. போன மின்சாரமும் திரும்பி வந்த மின்சாரமும் 30 மில்லி ஆம்பியர் வேறுபட்டாலே அது இணைப்பைத் துண்டித்துவிடும். வீட்டுக்கு 30 மில்லி ஆம்பியர் என்றே கேட்டு வாங்குங்கள்.

வயருக்கு வருவோம். உங்கள் வீட்டில் இருப்பது பெரும்பாலும் 3/22, அதாவது 22-ஆம் எண் கம்பி மூன்று இழை கொண்ட வயராக இருக்கும். இன்றைய கணக்கில் ஒன்றேகால் சதுர மில்லிமீட்டர்கூட வராது. நாலு பல்பு, ஒரு மின்விசிறி, ஒரு ரேடியோ என்றிருந்த வீட்டுக்குப் போட்டது அது. இன்று 2000 வாட் வாட்டர் ஹீட்டர் ஒன்றே ஒன்பது ஆம்பியர் அளவுக்கு இழுக்கிறது. அந்தக் கால ரப்பர் உறை வயரை ஹோல்டருக்குப் பக்கத்தில் விரலால் லேசாக வளைத்தால், உறை முறுக்குபோல நொறுங்கி உள்ளங்கையில் விழும். வெறும் செம்பு வெளியே தெரியும். இந்த வயருக்குமேல் 32 ஆம்பியர் எம்.சி.பி. வைப்பதும், பியூஸ் கட்டையில் தடித்த கம்பியைச் சுற்றுவதும் ஒன்றுதான். வயர் எரிந்த பிறகும் அது விழாது.

ஒரே மூச்சில் முழு வீட்டையும் மாற்றப் பணம் இல்லையென்றால் சமையலறையும் குளியலறையும் முதலில். சமையலறை பிளக்குகளுக்கு 2.5 சதுர மில்லிமீட்டரில் தனி லைன், ஹீட்டருக்கு 4-ல் தனி லைன், விளக்குக்கு 1.5. ஒவ்வொன்றோடும் எர்த்துக்கான பச்சை வயர் ஓட வேண்டும். பழைய மெயினில் நியூட்ரலுக்கும் ஒரு பியூஸ் கட்டை இருக்கும்; அதை எடுத்துவிட்டு நியூட்ரலை நேராக இணைக்கச் சொல்லுங்கள். அது எரிந்தால் விளக்கு அணைந்துவிடும், ஆனால் வயரில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும்.

சுவரை வெட்ட விடாதீர்கள். சுண்ணாம்புக் காரைச் சுவரில் ஓர் உளி அடித்தால் ஒரு முழத்துக்குப் பெயர்ந்து வரும். ரீப்பர் போன வழியிலேயே பி.வி.சி. பைப்பை வெளியே ஓட்டினால் போதும். உத்திரத்தோரம் போனால் கண்ணுக்கும் உறுத்தாது. கம்பியாள் சான்றிதழ் உள்ளவரிடம் வேலையைக் கொடுங்கள். வேலை முடிந்ததும் மெகர் (வயர் உறையின் காப்பை அளக்கும் கருவி) வைத்து அளந்து காட்டச் சொல்லுங்கள். ஒரு மெகா ஓமுக்குக் குறைந்தால் பணத்தை நிறுத்திவையுங்கள்.

கேள்வி: ஏற்காட்டில் நாகலூர் பக்கம் காப்பித் தோட்டத்துப் பழைய வீடு. ஆர்.சி.சி.பி. வைத்தோம். மழை நாளில் விழுந்துகொண்டே இருக்கிறது. கழற்றிவிடலாம் என்கிறார்கள்.
- வாசகர், ஏற்காடு

பதில்: கழற்றாதீர்கள் தம்பி. மழையன்று விழுகிறது என்றால் எங்கோ ஈரத்தில் மின்சாரம் கசிகிறது. அது உண்மையைத்தான் சொல்கிறது. எல்லா எம்.சி.பி.யையும் இறக்கிவிட்டு ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். எதை ஏற்றும்போது விழுகிறதோ அந்த லைனில் தேடுங்கள். உங்கள் மலையில் நான் பார்த்த வரையில் வாசல் விளக்கின் ஹோல்டரும், குளியலறைக்கு வெளியே ஓடும் வயரும்தான் முதல் குற்றவாளிகள். பனியும் சாரலும் அங்கே நேராக இறங்கும். வெயில் நாளிலும் விழுந்தால், ஒரு லைனின் நியூட்ரலை இன்னொரு லைனிலிருந்து கடன் வாங்கியிருப்பார்கள். பழைய வீட்டில் புது லைன் சேர்க்கும்போது நடக்கும் தவறு அது.

எர்த்தையும் பாருங்கள். உங்கள் மலையில் பாறை சீக்கிரம் தட்டுப்படுவதால் எர்த் பைப் முழு ஆழத்துக்கு இறங்கவில்லை என்றால், பாதியில் வெட்டிவிட்டு மூடச் சம்மதிக்காதீர்கள். ஈரம் நிற்கும் பள்ளமான இடங்களில் இரண்டு மூன்று எர்த் வைத்து, எல்லாவற்றையும் ஒரே பட்டையால் இணையுங்கள். குளியலறைக் கழிவுநீர் போகும் பக்கம் நல்ல இடம்.

கேள்வி: ஆர்.சி.சி.பி.யில் உள்ள ‘டெஸ்ட்’ பொத்தான் எதற்கு?
- வாசகர், குகை

பதில்: அது உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பதற்கு. மாதம் ஒருமுறை அழுத்துங்கள். சட்டென்று விழ வேண்டும். விழவில்லை என்றால் அன்றே மாற்றுங்கள்.