அட்டை இருக்கிறது, காய்ச்சலுக்கு எங்கே போவது?

எல்லாருக்கும் ஆரம்ப சுகாதாரச் சேவை என்ற மத்திய அரசின் கொள்கை பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சில, இந்த இதழில்.

கேள்வி: ஐந்து லட்ச ரூபாய் காப்பீட்டு அட்டை வைத்திருக்கிறோம். ஆனால் சர்க்கரைக்கு மாதாமாதம் டாக்டர் ஃபீஸ், மாத்திரை, டெஸ்ட் என்று கைக்காசுதான் கரைகிறது. அட்டையைக் காட்டினால் "இதுக்கெல்லாம் செல்லாது" என்கிறார்கள். ஏமாற்றுகிறார்களா?
(வாசகர், விழுப்புரம்)

இல்லை, உண்மையைத்தான் சொல்கிறார்கள். உள்நோயாளியாகச் சேர்ந்தாலோ, டயாலிசிஸ்போல் பட்டியலில் உள்ள சிகிச்சை என்றாலோதான் அந்த அட்டைக்கு வேலை. தேசியத் திட்ட விதிப்படி, சேர்வதற்கு முந்தைய 3 நாள் செலவும் வீடு திரும்பிய பின் 15 நாள் செலவும் அதில் அடங்கும். சாதாரணமாக டாக்டரைப் பார்த்து மாத்திரை வாங்கிவரும் செலவு அடங்காது.

2018 பட்ஜெட்டில் ஆயுஷ்மான் பாரத் அறிவிக்கப்பட்டபோது அதில் இரண்டு பகுதிகள் இருந்தன. ஒன்று, இந்தக் காப்பீடு. மற்றது, நாடு முழுக்க 1.5 லட்சம் துணை சுகாதார நிலையங்களையும் ஆரம்ப சுகாதார நிலையங்களையும் நலவாழ்வு மையங்களாக மாற்றுவது. முதல் மையம் 2018 ஏப்ரல் 14 அன்று சத்தீஸ்கர் மாநிலம் பிஜாப்பூர் மாவட்டத்து ஜாங்லாவில் திறக்கப்பட்டது. காப்பீடு அதற்குப் பிறகு, செப்டம்பர் 23 அன்று ராஞ்சியில் தொடங்கியது. பின்னால் வந்த தம்பிக்குத்தான் ஊரெல்லாம் பேர். அண்ணன் இருப்பதே பலருக்குத் தெரியாது. இத்தனைக்கும் 2017 தேசிய சுகாதாரக் கொள்கை, சுகாதார நிதியில் மூன்றில் இரண்டு பங்கோ அதற்கு மேலோ ஆரம்ப சிகிச்சைக்குப் போக வேண்டும் என்கிறது. சர்க்கரை கட்டுக்குள் இருந்தால் பெரும்பாலானோருக்கு அட்டையை எடுக்கும் நிலையே வராது என்பதுதான் கணக்கு. உங்கள் மாத்திரைக்கான இடம் ஆரம்ப சுகாதார நிலையம். அங்கே கட்டணம் கிடையாது.

கேள்வி: எங்கள் ஊர் துணை சுகாதார நிலையத்துக்குப் புது போர்டு மாட்டி, பெயின்ட் அடித்திருக்கிறார்கள். டாக்டர்தான் இல்லை. பெயர் மாற்றம் மட்டும்தானா?
(வாசகி, தர்மபுரி)

2023-இல் மத்திய அரசு இந்த நலவாழ்வு மையங்களுக்கு 'ஆயுஷ்மான் ஆரோக்கிய மந்திர்' என்று பெயர் வைத்தது உண்மையில் பெயர் மாற்றம்தான். அதற்கு முன் 2018-இல் நடந்தது வேறு. சமவெளியில் 5,000 பேருக்கு ஒன்று, மலை மற்றும் பழங்குடிப் பகுதியில் 3,000 பேருக்கு ஒன்று என்பது துணை நிலையத்துக்கான அளவு. தாய்-சேய் நலமும் தடுப்பூசியும்தான் அதன் முக்கிய வேலையாக இருந்தன. இப்போது 12 வகைச் சேவைகள் சேர்ந்திருக்கின்றன: ரத்த அழுத்தம், சர்க்கரை, கண்-காது-மூக்கு, பல், மனநலம், முதியோர் மற்றும் வலி தணிப்புச் சிகிச்சை, முதலுதவி எல்லாம் அதில் வரும்.

டாக்டர் அங்கே இருக்க மாட்டார். அவர் இருக்கும் இடம் 30,000 பேருக்கு ஒன்று என்ற கணக்கில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையம். துணை நிலையத்தில் கிராம சுகாதார செவிலியரோடு கூடுதலாக, பயிற்சி பெற்ற இடைநிலை சுகாதாரப் பணியாளர் ஒருவர் இருக்க வேண்டும். டாக்டர் எழுதிக் கொடுத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளை அவர் தொடர்ந்து தரலாம். சந்தேகம் என்றால் இ-சஞ்சீவனி என்ற அரசின் தொலைமருத்துவச் சேவை வழியாக வீடியோவில் டாக்டரிடம் காட்டலாம். மத்திய அரசின் பட்டியல்படி துணை நிலையத்தில் 105 வகை மருந்துகளும் 14 வகைப் பரிசோதனைகளும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் 172 மருந்துகளும் 63 பரிசோதனைகளும் கிடைக்க வேண்டும். இது இருக்க வேண்டிய அளவு. உங்கள் ஊரில் எது இருக்கிறது என்பதை நேரில் கேட்டால்தான் தெரியும். போர்டைப் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். அந்த இடைநிலைப் பணியாளர் பணியிடம் நிரப்பப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். அது காலி என்றால் மற்றவை அனைத்தும் காகிதத்தோடு சரி.

கேள்வி: வீட்டுக்கு வந்த சுகாதாரப் பணியாளர் இடுப்பை டேப்பால் அளந்தார், ஏதேதோ கேட்டார், "உங்களுக்கு 5 மார்க், செக்கப்புக்கு வாங்க" என்றார். எனக்கு 36 வயது. நோய் இருக்கிறது என்று அர்த்தமா?
(வாசகி, திண்டுக்கல்)

அர்த்தமில்லை. அது நோயின் அளவு அல்ல, வாய்ப்பின் அளவு. அந்தப் படிவத்தில் வயது, புகையிலை, தினசரி மது, இடுப்புச் சுற்றளவு, உடலுழைப்பு, குடும்ப வரலாறு என்று ஆறு கேள்விகளுக்குப் புள்ளி உண்டு. உதாரணமாக ஒரு கணக்கு: வயது 30-39 என்றால் 1, பெண்ணுக்கு இடுப்பு 81 முதல் 90 செ.மீ. என்றால் 1, வாரம் 150 நிமிடம் உடற்பயிற்சி இல்லையென்றால் 1, பெற்றோர் அல்லது உடன்பிறந்தோருக்குச் சர்க்கரையோ அழுத்தமோ இதயநோயோ இருந்தால் 2. மொத்தம் 5. நான்கைத் தாண்டியவர்களை முதலில் கூப்பிடுவார்கள், அவ்வளவே. மூன்று வாங்கியவர்கள் தப்பித்தோம் என்று இருந்துவிடக் கூடாது. 30 வயதும் அதற்கு மேலும் ஆன எல்லாருக்குமே பரிசோதனை உண்டு. அழுத்தமும் சர்க்கரையும் ஆண்டுக்கு ஒருமுறை, வாய், மார்பகம், கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கான சோதனை ஐந்தாண்டுக்கு ஒருமுறை.

போகும்போது சில விஷயங்கள். முகாம்களில் அழுத்தம் தப்பாக ஏறிக் காட்டுவதற்குக் கருவி காரணமாக இருப்பதைவிட, அளக்கும் விதம் காரணமாக இருப்பதே அதிகம். வெயிலில் நடந்துவந்து உட்கார்ந்ததுமே பட்டையைச் சுற்றுவது, சேலை ரவிக்கைக்கு மேலேயே சுற்றுவது, கை கீழே தொங்குவது, அளக்கும்போது பேச்சுக் கொடுப்பது: ஒவ்வொன்றும் எண்ணை ஏற்றிவிடும். ஐந்து நிமிடம் அமைதியாக உட்காருங்கள். முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பட்டு, கை மேசைமேல் நெஞ்சு உயரத்தில் இருக்கட்டும். அளப்பதற்கு முந்தைய அரைமணி நேரத்தில் காபி, டீ, பீடி வேண்டாம். ஒருமுறை 140/90 தாண்டினால் மறுபடி அளக்கச் சொல்லுங்கள். இரண்டாவது எண்ணும் அதேபோல் வந்தால் டாக்டரிடம் போக வேண்டும். விரல்நுனி ரத்தத்தில் சர்க்கரை 140 அல்லது அதற்கு மேல் என்றால், அதுவும் முடிவல்ல. ஆரம்ப சுகாதார நிலையத்தில் உறுதி செய்யும் சோதனை தேவை. திட்டம் பெரிதும் சறுக்குவது இந்த இடத்தில்தான். முகாமில் சீட்டை வாங்கியவர் இரண்டாம் சோதனைக்குப் போவதில்லை. பதிவேட்டில் 'பரிசோதிக்கப்பட்டவர்' எண்ணிக்கை ஏறும், சிகிச்சையில் இருப்பவர் எண்ணிக்கை ஏறாது.

கேள்வி: மாதத்தில் பாதி நாள் "ஸ்டாக் இல்லை, பத்து நாளைக்கு வாங்கிக்கோங்க" என்கிறார்கள். ஏன் இப்படி?
(வாசகர், புதுக்கோட்டை)

தமிழ்நாட்டில் 1994-இல் தொடங்கிய மருத்துவப் பணிகள் கழகம் மருந்துகளை மொத்தமாக வாங்கி மாவட்டக் கிடங்குகளில் வைக்கிறது. ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு பாஸ்புக். ஒதுக்கிய தொகைக்குள் மருந்து எடுத்து, எடுத்ததை அதில் கழித்துக்கொள்வார்கள். ஏற்பாடு நல்லது; பல மாநிலங்கள் இதைப் பார்த்துப் படித்தன. சிக்கல் தேவையைக் கணிப்பதில். போன மாதச் செலவை வைத்து அடுத்ததற்கு எழுதினால், போன மாதம் மருந்து தீர்ந்துபோய் வெறுங்கையோடு திரும்பியவர்கள் கணக்கிலேயே வருவதில்லை. செலவு குறைவாகத் தெரியும், கேட்பும் குறையும், பற்றாக்குறை தன்னைத்தானே வளர்த்துக்கொள்ளும்.

உங்கள் பக்கம் செய்ய முடிந்தது: உங்கள் பெயர் தொற்றாநோய்ப் பதிவேட்டில், எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம் என்று இருக்கிறதா என்று பாருங்கள். 'பி.பி. மாத்திரை' என்று மொட்டையாக இருந்தால் திருத்தச் சொல்லுங்கள். கைவசம் ஒரு வாரத்துக்கு இருக்கும்போதே போங்கள். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் பெயர் இருந்தால், மாத்திரை வீட்டுக்கே வரும்.

கேள்வி: செங்கல் சூளை வேலைக்குப் போனதில் குழந்தைக்கு 10-ஆவது வார பென்டாவேலன்ட் தடுப்பூசி தவறிவிட்டது. இப்போது ஐந்து மாதம். முதலிலிருந்து தொடங்க வேண்டுமா?
(வாசகர், திருவண்ணாமலை)

வேண்டாம். விட்ட இடத்திலிருந்து தொடரலாம். டோஸ்களுக்கு இடையே குறைந்தது நான்கு வாரம் இருந்தால் போதும். சூளை எந்த ஊரில் இருந்தாலும் பக்கத்துத் துணை நிலையத்தில் இலவசமாகப் போடுவார்கள், சொந்த ஊர்தான் என்று கட்டாயமில்லை. தடுப்பூசி அட்டையைத் தொலைக்காதீர்கள். இரு பக்கத்தையும் போனில் படமெடுத்து வையுங்கள்.

கேள்வி: 14 இலக்க ஆபா எண் இல்லாவிட்டால் சீட்டுப் போட மாட்டோம் என்கிறார்கள். சரியா?
(வாசகர், மதுரை)

சரியல்ல. ஆபா என்பது டிஜிட்டல் சுகாதாரக் கணக்கு எண், விருப்பத்தின்பேரில் எடுப்பது. அது இல்லை என்பதற்காகச் சிகிச்சையை மறுக்கக் கூடாது.

கேள்வி: பிரசவத்துக்கு மருந்து வெளியில் வாங்கி வரச் சொன்னார்கள். யாரிடம் முறையிடுவது?
(வாசகர், கடலூர்)

2011-இல் வந்த ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தின்படி அரசு நிலையத்தில் சுகப்பிரசவமோ சிசேரியனோ, மருந்து, பரிசோதனை, ரத்தம், போக்குவரத்து எதற்கும் காசில்லை. உணவும் உண்டு: சுகப்பிரசவத்துக்கு 3 நாள்வரை, சிசேரியனுக்கு 7 நாள்வரை. வெளியில் வாங்கிய மருந்தின் பில்லும் எழுதிக் கொடுத்த சீட்டும் கையில் இருக்கட்டும். இவையின்றி எந்தப் புகாரும் நிற்காது. முதலில் அந்த நிலையத்தின் மருத்துவ அலுவலரிடம் எழுத்தில் கொடுங்கள், நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். 104 சுகாதார உதவி எண்ணிலும் சொல்லலாம். அடுத்தது மாவட்ட சுகாதார அலுவலர்.

தனி ஒருவரின் குறையாக இல்லாமல், பணியிடம் காலி, கட்டடம் ஒழுகல், தண்ணீர் இல்லை போன்றவை என்றால் கிராம சபையே பொருத்தம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாள். பேசிவிட்டு வந்தால் போதாது. தீர்மானமாக எழுதச் சொல்லி, தீர்மான எண்ணைக் குறித்துக்கொண்டு வாருங்கள்.