மகனின் ரேஸ் சீசனுக்கு வீட்டை அடமானம் வைக்கலாமா?

கேள்வி: வணக்கம் சார். கோவை கணபதியில் சின்னதாக லேத் பட்டறை வைத்திருக்கிறேன். பம்ப்செட் உதிரிபாகங்கள் ஜாப் ஒர்க். கூலி, கரண்ட் எல்லாம் போக மாதம் ஒன்றரை லட்சம் கையில் நிற்கும். வீட்டுச் செலவு 70,000. சிஎன்சி மெஷின் கடனுக்குத் தவணை 28,000. வங்கி டெபாசிட் 14 லட்சம், மகளின் படிப்புக்காகப் போட்ட மியூச்சுவல் ஃபண்ட் 11 லட்சம், 45 பவுன் நகை, அப்பா கட்டிய வீடு. மகள் பிளஸ் டூ படிக்கிறாள். மகனுக்கு 15 வயது, மூன்று வருடமாக கார்ட்டிங் (குட்டி ரேஸ் வண்டி) ஓட்டுகிறான். போன சீசனில் அவன் பிரிவில் நாலாவதாக வந்தான். இப்போது ஒரு அணி, கார்ட்டிங்குக்கு அடுத்த படியான ஃபார்முலா 4 சீசனுக்கு இடம் தருகிறோம், டெஸ்டிங்கோடு சேர்த்து 40 லட்சம் ஆகும் என்கிறது. வீட்டை வைத்துக் கடன் வாங்கட்டுமா, நகையை விற்கட்டுமா? மைத்துனர் 5 லட்சம் தருவதாகச் சொல்லியிருக்கிறார். மாதக் கடைசிக்குள் முன்பணம் கட்டச் சொல்கிறார்கள்.

பதில்: வீட்டை வைக்காதீர்கள். நகையையும் தொடாதீர்கள். மாதக் கடைசி என்று கெடு வைத்திருப்பதால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன். அதற்காகப் பையனை வண்டியிலிருந்து இறக்குங்கள் என்று சொல்ல வரவில்லை. கார்ட்டிங்கில் நாலாவது வருவது லேசான காரியம் இல்லை. உங்கள் வருமானத்துக்குள் அவனை ஓட்ட வைக்க என்ன வழி என்றுதான் பார்க்கப் போகிறோம்.

முதலில் கடன் கணக்கு. 40 லட்சம், 15 வருடம், 10 சதவீத வட்டி என்று வைத்தால் மாதத் தவணை ஏறக்குறைய 43,000 ரூபாய். கட்டி முடிக்கும்போது மொத்தம் 77 லட்சத்தைத் தாண்டியிருக்கும். வீட்டுச் செலவும் மெஷின் தவணையும் போக உங்களிடம் இப்போது மிஞ்சுவது 52,000. அதில் 43,000 போனால் 9,000 நிற்கும். பம்ப்செட் ஆர்டர் எல்லா மாதமும் ஒரே மாதிரி வராது என்பது என்னைவிட உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். இரண்டு மாதம் ஆர்டர் படுத்தால் மெஷின் தவணை, வீட்டுத் தவணை இரண்டும் சேர்ந்து கழுத்தைப் பிடிக்கும். பையன் வண்டி ஓட்டுவது சில மாதங்கள். நீங்கள் தவணை கட்டுவது அவனுக்கு 30 வயதாகும் வரை.

அடுத்தது, அந்த 40 லட்சத்தில் எதெல்லாம் அடக்கம்? உங்கள் கடிதத்தில் டெஸ்டிங் உண்டு என்று இருக்கிறது, சேதச் செலவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இந்த விளையாட்டில் பணம் ஓட்டை வழியே போவது பெரும்பாலும் அங்கேதான். ஃபார்முலா 4 வண்டிக்குச் சக்கரங்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பக்கத்து வண்டியின் சக்கரத்தோடு லேசாக உரசினாலே சஸ்பென்ஷன் ஆர்ம் வளையும், முன் விங் உடையும். இந்திய ஃபார்முலா 4 தொடரில் ஓடுவது பிரான்ஸின் மைகேல் நிறுவனம் செய்த கார்பன் ஃபைபர் உடல் கொண்ட வண்டி, ஆல்பைன் டர்போ இன்ஜின். பட்டறைக்காரரான உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை, கார்பனை இரும்புக் குழாய்போல வெல்டிங் வைத்து ஓட்ட முடியாது. முதல் வருடம் ஓட்டும் 15 வயதுப் பையன் எங்கேயாவது மோதத்தான் செய்வான். மோதாமல் ஓட்டினால் அவன் வேகத்தின் எல்லையைத் தேடவே இல்லை என்று அர்த்தம். ஆகவே சேதச் செலவு யாருடையது, உங்களுடையது என்றால் ஒரு சீசனுக்கு உச்சவரம்பு எவ்வளவு என்று எழுத்தில் வாங்க வேண்டும். டயர் எத்தனை செட், டெஸ்ட் எத்தனை நாள், டேட்டா பார்க்கும் இன்ஜினியர் தனியாக உண்டா, உங்கள் இருவரின் பயணமும் தங்கலும் யார் கணக்கு, ஹெல்மெட், தீப்பிடிக்காத உடை, கழுத்துக் காப்பு இவற்றை யார் வாங்குவது, இதையெல்லாமும் அதே தாளில் கேளுங்கள்.

சீசனின் பந்தயச் சுற்றுகள் நடக்காமல் போனால் என்ன என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி நடக்கவிருந்த இரவு நேரத் தெருப் பந்தயம் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தால் தள்ளிப்போய், 2024 ஆகஸ்ட் கடைசியில்தான் நடந்தது. அதில் யார் தவறும் இல்லை. ஆனால் கடன் வாங்கிக் கட்டிய பணத்துக்கு, பந்தயம் தள்ளிப்போன மாதங்களிலும் வட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

இனி பையனுக்கு முன்னால் இருக்கும் ஏணி. பொதுவாக 18 வயது நிறைந்து, மூன்று வருடத்துக்குள் பந்தய முடிவுகளுக்குக் கிடைக்கும் 40 புள்ளிகளைச் சேர்த்தால்தான் ஃபார்முலா 1 ஓட்டத் தேவையான சூப்பர் லைசென்ஸ் கிடைக்கும். சர்வதேச அங்கீகாரம் பெற்ற ஒரு ஃபார்முலா 4 தொடரில் பட்டம் வென்றாலே கிடைப்பது 12 புள்ளிகள். மீதிக்கு ஃபார்முலா 3, ஃபார்முலா 2 என்று வெளிநாட்டில் ஏற வேண்டும், ஒவ்வொரு படியிலும் செலவு கூடிக்கொண்டே போகும். மெர்சிடிஸ் அணியின் தலைவர் டோட்டோ வோல்ஃப் பல வருடங்களுக்கு முன் ஒரு கணக்குச் சொன்னார். கார்ட்டிங்கில் தொடங்கி ஃபார்முலா 1 இருக்கைவரை ஒரு பையனைக் கொண்டுபோய்ச் சேர்க்க 70 முதல் 80 லட்சம் யூரோ ஆகும் என்றார். யூரோவுக்கு 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 70, 80 கோடி. அந்தக் கணக்கில் ஃபார்முலா 4 சீசன் ஒரு சிறு துண்டு. நீங்கள் வீட்டை வைத்து வாங்கப் போவது அந்தத் துண்டு மட்டும்தான். இரண்டாம் வருடப் பணம் எங்கே என்று அணியும் கேட்கவில்லை, நீங்களும் எழுதவில்லை.

நம் ஊரையே எடுத்துக்கொள்வோம். கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஜோர்டான் அணியில் ஓட்டினார். சென்னையின் கருண் சந்தோக் 2010-ல் எச்ஆர்டி அணியில். இந்தியாவிலிருந்து ஃபார்முலா 1 பந்தயத்தில் ஓடியவர்கள் இவர்கள் இருவரே, இரண்டு பேரும் தமிழ்நாட்டுக்காரர்கள் என்பதில் எனக்கும் பெருமை உண்டு. அவர்களுக்குப் பின் ஜெஹான் தாருவாலாவும் குஷ் மைனியும் ஃபார்முலா 2-வில் ரேஸே வென்றார்கள். அவர்களுக்கும் ஃபார்முலா 1 இருக்கை வாய்க்கவில்லை. இந்திய ஃபார்முலா 4-ன் முதல் இரண்டு பட்டங்களையும் வெளிநாட்டுப் பையன்கள்தான் வாங்கினார்கள்: 2023-ல் ஆஸ்திரேலியாவின் கூப்பர் வெப்ஸ்டர், 2024-ல் தென்னாப்பிரிக்காவின் அகில் அலிபாய். உங்கள் பையன் போட்டி போட வேண்டிய தரம் அது.

பிரான்ஸ் ஓட்டுநர் எஸ்தபன் ஓகோனின் கதையை யாராவது உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். அவர் அப்பாவும் மெக்கானிக்தான். பையனுக்காக வீட்டை விற்றுவிட்டு குடும்பமே கேரவன் வண்டியில் வாழ்ந்தது. பையன் 2021-ல் ஹங்கேரியில் ஃபார்முலா 1 பந்தயமே வென்றான். உண்மைக் கதை, படிக்கும்போது எனக்கே கண் கலங்கியது. ஆனால் வீட்டை விற்றும் பையன் மேலே வராத அப்பாக்களை யாரும் பேட்டி எடுப்பதில்லை. உங்கள் வீட்டில் இன்னொரு பிள்ளை வேறு இருக்கிறாள், அடுத்த வருடம் கல்லூரிக்குப் போகிறாள்.

சரி, எவ்வளவு செலவழிக்கலாம்? டெபாசிட் 14 லட்சத்தில், ஆறு மாத வீட்டுச் செலவுக்கும் மெஷின் தவணைக்குமாக 6 லட்சத்தை ஒதுக்குங்கள், அது தொடக்கூடாத பணம். 8 லட்சம் மிஞ்சுகிறது. மாதம் மிஞ்சும் 52,000-ல் 25,000 ரூபாயைப் பையன் கணக்கில் எடுத்து வைத்தால் வருடத்துக்கு 3 லட்சம். ஆக 11 லட்சம். மைத்துனரின் 5 லட்சம் அன்பளிப்பா, கைமாற்றா என்று முகத்துக்கு நேராகக் கேட்டுவிடுங்கள். அன்பளிப்பு என்றால் மனைவியின் சகோதரர் தருவதற்கு வருமான வரி கிடையாது, வங்கி வழியாக வாங்கி ஒரு கடிதமும் எழுதி வைத்தால் போதும். கைமாற்று என்றால் வேண்டாம், உறவும் சேர்ந்து கெடும். அதிகபட்சம் 16 லட்சம். திரும்பி வராது என்று மனதார ஏற்றுக்கொண்டு செலவழிக்க உங்களால் முடிந்த தொகை இவ்வளவுதான். மகளின் 11 லட்சத்தை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவே இல்லை.

16 லட்சத்தில் முழு ஃபார்முலா 4 சீசன் வராது. ஆனால் அந்தப் பணத்துக்கு நல்ல வேலை இருக்கிறது. முதலில் ஃபார்முலா 4 வண்டியில் ஒரு டெஸ்ட் நாளுக்கு மட்டும் பணம் கட்டுங்கள். அதே நாளில், அதே டிராக்கில், ஏற்கெனவே ஒரு சீசன் ஓட்டிய பையன் எடுத்த நேரத்தையும் உங்கள் மகன் எடுத்த நேரத்தையும் டேட்டாவோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். எங்கே பிரேக் பிடிக்கிறான், வளைவில் எவ்வளவு வேகத்தை விடாமல் எடுத்துப் போகிறான் என்பதெல்லாம் அதில் தெரியும். அணிக்குச் சம்பந்தமில்லாத, ஓட்டி அனுபவமுள்ள ஒருவரிடம் அந்தத் தாளைக் காட்டுங்கள். உங்களுக்கு இடம் விற்பவரின் பாராட்டை மதிப்பெண்ணாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

அடுத்த கட்டம் உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. தேசியப் பந்தயங்களில் ஃபார்முலா எல்ஜிபி 4 என்று ஒரு பிரிவு உண்டு. இரும்புக் குழாய்ச் சட்டம், மாருதி இன்ஜின், எல்லாருக்கும் ஒரே மாதிரி வண்டி. செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயிலும் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையிலும் ஓடுகிறார்கள். செலவு ஃபார்முலா 4-ஐவிட மிகக் குறைவு, உடைந்தால் உள்ளூரிலேயே சரி செய்யலாம். அந்த ஸ்பீட்வேக்குப் பெயர் தந்த கரிவரதன், மாருதி இன்ஜினைப் போட்டு இங்கேயே பந்தய வண்டி செய்தவர். நரேன் தொடங்கியதும் அந்த ஃபார்முலா மாருதியில்தான். இது கீழான படி என்று பையன் முகம் சுளித்தால் இந்தக் கதையைச் சொல்லுங்கள். அங்கே ஒரு சீசன், முடிந்தால் இரண்டு, முன்வரிசையில் ஓடிவிட்டு ஃபார்முலா 4 அணியிடம் போனால் பேரம் பேசும் இடத்தில் நீங்கள் இருப்பீர்கள். வயது போய்விடும் என்ற பயம் வேண்டாம், ஃபார்முலா 4-க்கே குறைந்தபட்ச வயது 15-தான். அவன் வாசலில் நிற்கிறான், வண்டி கிளம்பிவிடவில்லை.

மீதிப் பணம் ஸ்பான்சரிடமிருந்துதான் வர வேண்டும். கோவையில் பம்ப், மோட்டார், வாகன உதிரிபாகக் கம்பெனிகளை உங்களுக்கு நேரடியாகத் தெரியும், அது பல ரேஸ் குடும்பங்களுக்கு இல்லாத வசதி. போகும்போது பையனின் நேரங்களும் முடிவுகளும் கொண்ட இரண்டு பக்கத் தாளோடு போங்கள். மைனர் ஒப்பந்தம் போட முடியாது, காப்பாளராக நீங்கள் கையெழுத்திட வேண்டும். சொந்தத் திறமையால் மைனர் சம்பாதிப்பது உங்கள் வருமானத்தோடு சேராது, அவன் பெயரில் தனியாகக் கணக்குக் காட்ட வேண்டும். இப்போதே பான் எடுத்து, தனி வங்கிக் கணக்கும் தொடங்கிவிடுங்கள். பட்டறைக் கணக்கிலேயே விளம்பரச் செலவு என்று எழுதிவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். சில கம்பெனிகளுக்கு மட்டும் ஜாப் ஒர்க் செய்யும் பட்டறைக்கு ரேஸ் வண்டியில் விளம்பரம் எதற்கு என்று வரி அதிகாரி கேட்டால் உங்கள் ஆடிட்டரிடம் பதில் இருக்காது.

கடைசியாகக் காப்பீடு. இதை யாருமே கேட்பதில்லை, எனக்கு மிகவும் கவலை தரும் விஷயம் இதுதான். உங்கள் குடும்ப மெடிக்ளெய்ம் பாலிசியை எடுத்து விலக்குகள் என்ற பக்கத்தைப் படியுங்கள். ஆபத்தான விளையாட்டுகளில் தொழில்முறையாகப் பங்கேற்று ஏற்படும் காயத்துக்குப் பணம் இல்லை என்று இருக்கும், அந்தப் பட்டியலில் மோட்டார் ரேஸிங் என்ற பெயரே நேராக இருக்கும். மகன் தொழில்முறை ஓட்டி இல்லை என்று நீங்கள் சொல்லலாம், அணியோடு ஒப்பந்தமும் ஸ்பான்சரும் வந்த பிறகு கம்பெனி அதை ஏற்குமா? முன்கூட்டியே கடிதம் எழுதிப் பதில் வாங்குங்கள். ரேஸ் லைசென்ஸோடு விபத்துக் காப்பீடு வருகிறதா, எவ்வளவு தொகை, டெஸ்ட் நாளிலும் அது செல்லுமா என்றும் கேளுங்கள். 200 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி அது. காப்பீடு தெளிவாகாமல் ஒரு டெஸ்ட் நாள்கூட வேண்டாம்.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். உங்கள் மனைவி என்ன நினைக்கிறார் என்று ஒரு வரிகூட இல்லை. 45 பவுனில் பெரும்பகுதி அவருடையதாக இருக்கும், அப்படியானால் அதை விற்பதா என்ற கேள்வியை என்னிடம் கேட்கவே கூடாது. இந்த ஞாயிற்றுக்கிழமை நான்கு பேரும் உட்கார்ந்து, 16 லட்சம் என்ற எண்ணைத் தாளில் எழுதிப் பையன் முன்னாலேயே பேசுங்கள். மகளும் இருக்கட்டும். அதற்கு முன் இன்றைக்கே அணிக்கு ஒரு மெயில் போடுங்கள்: சேதச் செலவுக்கு உச்சவரம்பு, சுற்று ரத்தானால் பணம் திரும்புமா, டெஸ்ட் நாளுக்கு மட்டும் கட்டணம் எவ்வளவு. பதில் எழுத்தில் வரும்வரை முன்பணத்துக்குச் செக் எழுத வேண்டாம்.