கயிறு வேற, துணி வேற: கோவணம் பற்றிச் சில கேள்விகள்

கோவணமா, கோமணமா? எது சரி? (மேலூர் வாசகர்)

எழுத்தில் கோவணம், பேச்சில் கோமணம்; வடமொழியில் கௌபீனம். கவனிக்க வேண்டிய சொல் இன்னொன்று இருக்கிறது: கீள். ‘கீளார் கோவணம்’ என்பார் சுந்தரர். கீளுதல் என்றால் கிழித்தல். துணியை நாடாவாகக் கிழித்து இடுப்பில் கட்டினால் அது கீள். அதில் மாட்டுவது கோவணம். பெரியபுராணத்தில் அமர்நீதியார் அடியார்களுக்குக் கொடுத்த பொருள்களிலும் கீளும் கோவணமும் தனித்தனியாகத்தான் வருகின்றன. இன்றைக்குக் கீளின் வேலையை அரைஞாண் கயிறு பார்க்கிறது.

வயல் வேலைக்குக் கட்டிப் பார்த்தேன். அரை மணி நேரத்தில் தொங்கிவிடுகிறது, தொடையும் உரசுகிறது. (உசிலம்பட்டி வாசகர்)

தொங்குவது துணியால் அல்ல, கயிற்றால். அரைஞாண் தொப்புளுக்குக் கீழே, இடுப்பெலும்புக்கு மேலே, ஒரு விரல் மட்டும் நுழையும் இறுக்கத்தில் இருக்கவேண்டும். நைலான் கயிற்றில் முடிச்சு நழுவும். பருத்திக் கயிறு போடுங்கள்.

துணி ஒரு சாண் அகலம், இரண்டு முழம் நீளம். தொப்பை உள்ளவருக்கு இரண்டரை முழம். ஒரு முனையை முன்பக்கம் கயிற்றுக்கும் உடம்புக்கும் இடையில் கீழிருந்து மேலாக நுழைத்து, வெளியே மடித்து நாலு விரல் தொங்கவிடுங்கள். மறுமுனையைக் காலிடுக்கு வழியே பின்னால் கொண்டுபோய், கொசுவிச் சுருக்கி, அதேபோல நுழைத்து மடித்து, மிச்சத்தைப் பக்கவாட்டில் கயிற்றிலேயே செருகுங்கள். பின்பக்கம் மட்டும் இழுத்து இறுக்கினால் கயிறு கீழே சரியும். இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி இழுக்கவேண்டும்.

உரசலுக்குக் காரணம் பெரும்பாலும் கஞ்சி போகாத புதுத்துணி, இல்லையென்றால் ஓரத்தில் அடித்த தையல். பழைய எட்டு முழ வேட்டியைக் கிழித்துக்கொள்வதே நல்லது. ஜரிகைக் கரை இருந்தால் அதை எடுத்துவிடுங்கள், தொடையை அறுத்துவிடும். வேர்வை ஈரத்தோடு மறுநாளும் அதையே கட்டினால் படர்தாமரை நிச்சயம். மூன்று வைத்துக்கொண்டு வெயிலில் காயவைத்து மாற்றுங்கள்.

லங்கோடும் இதுவும் ஒன்றா?

இல்லை. குஸ்திக்காரர்கள் கட்டும் லங்கோட்டில் முக்கோணத் துணியோடு நாடாவைச் சேர்த்தே தைத்திருப்பார்கள், அரைஞாண் தேவையில்லை. புரண்டாலும் அவிழாது. அவசரத்துக்கு ஒதுங்கத்தான் கஷ்டம்.

காந்தி மதுரையில் கட்டியது கோவணம் என்கிறார்களே? (திருமங்கலம் வாசகர்)

மொழிபெயர்ப்பு செய்த கோளாறு. 1921 செப்டம்பர் 22 அன்று மேலமாசி வீதி வீட்டில் அவர் மாறியது முழங்கால் வரை வரும் சிறு வேட்டிக்கு. ஆங்கிலத்தில் ‘லாயின்கிளாத்’ என்ற ஒரே சொல் அதையும் குறிக்கும், கோவணத்தையும் குறிக்கும். மதுரையோடு சேர்த்துச் சொல்லக்கூடிய அசல் கோவணம் ரமணருடையது. 1896-ல் இங்கிருந்து ரயிலேறித் திருவண்ணாமலை போய், கட்டியிருந்த வேட்டியைக் கிழித்துக் கோவணமாக்கிக்கொண்டார்.

கடையில் விற்கும் ‘தாங்’, ‘சப்போர்ட்டர்’ உள்ளாடைகள் எல்லாம் நம் கோவணத்தைப் பார்த்துச் செய்தவையா?

பெருமைக்குச் சொல்லலாம், உண்மை இல்லை. சப்போர்ட்டரின் மூதாதையான ஜாக்ஸ்ட்ராப் 1874-ல் வந்தது. பாஸ்டனின் கல் பாவிய தெருக்களில் சைக்கிள் ஓட்டிக் குலுங்கியவர்களுக்காகச் செய்தது. தாங் என்றால் ஆங்கிலத்தில் தோல்வார். ஆஸ்திரேலியாவில் போய் ‘தாங்ஸ்’ கேட்டால் ரப்பர் செருப்பைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள்! அமைப்பில் நமக்கு நெருக்கம் ஜப்பானின் எட்சு ஃபுன்டோஷி. அதிலும் நீளத் துணி, இடுப்புக் கயிறு, முன்னால் தொங்கும் முனை. ஆனால் கயிற்றைத் துணியோடு தைத்துவிடுவார்கள்.

கோவணம் கட்டினால் குடலிறக்கம் வராதாமே?

வரும். வயிற்றுச் சுவரின் பலவீனத்தைத் துணி சரிசெய்யாது. தொடையிடுக்கில் வீக்கம் தெரிந்து, படுத்தால் உள்ளே போய் எழுந்தால் திரும்ப வந்தால், கோவணத்தை இறுக்கிக் கட்டாமல் பெரியாஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை டாக்டரைப் பாருங்கள். உள்ளே போகாமல் வலியும் வாந்தியும் சேர்ந்தால் அன்றைக்கே போகவேண்டும்.