பரண்ல கிடைச்ச ஒரு முனை கத்தி, ஒரு முனை ஊசி: மடக்கெழுத்தாணி மாதிரி தெரியுது

உங்க பரண்ல கிடைச்சது வேட்டைக் கத்தியான்னு கேட்டிருந்தீங்க. அது வேட்டைக் கத்தி இல்லங்க, மடக்கெழுத்தாணி, அதாவது பனை ஓலையில கீறி எழுதுற, மடக்கி வைக்கிற எழுதுகோல். பித்தளைப் பிடிக்குள்ள ஒரு பக்கம் சின்ன கத்தி, இன்னொரு பக்கம் ஊசி, ரெண்டும் பேனாக்கத்தி மாதிரி மடங்குதுன்னு நீங்க சொன்னதுமே அதான் தோணுச்சு. கத்தி ஓலையை ஓரம் வெட்டி ஒழுங்கு பண்ண, ஊசி எழுத. உங்க வீட்ல யாராவது கணக்குப்பிள்ளையாவோ வைத்தியராவோ வாத்தியாராவோ இருந்திருக்கலாம், பெரியவங்க இருந்தா கேட்டுப் பாருங்க.

ஒரு சின்ன டெஸ்ட். காஞ்ச பனை ஓலைத் துண்டுல அழுத்தாம 'ழ'ன்னு கீறுங்க, ஓலை கிழியாம கோடு விழணும், அப்புறம் விளக்குக் கரியை எண்ணெய்ல குழைச்சுத் தடவி துணியால துடைச்சா எழுத்து மட்டும் கறுப்பா நிக்கும். அந்தக் காலத்து மை இதுதான், பாக்கவே அவ்ளோ அழகா இருக்கும்!

ஊசி நுனிகிட்ட கொக்கி மாதிரி வெட்டு இருந்தா மட்டும் நான் சொன்னது தப்பு, அது தோல் தைக்கிற ஊசி.

தயவுசெஞ்சு புளி போட்டு தேய்க்காதீங்க, பிடியில பேரு ஏதும் வெட்டியிருந்தா தேய்ஞ்சு மங்கிடலாம். துரு இருந்தா ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டு மெதுவா திறங்க. அதே பரண்ல ஓலைக்கட்டு இருந்தா பிரிக்காம அப்படியே வைங்க, தஞ்சாவூர் சரஸ்வதி மகால்லயோ சென்னை கீழ்த்திசைச் சுவடி நூலகத்துலயோ காட்டிட்டு அப்புறம் தொடலாம்.