முசுமுசுக்கையின் நீண்ட பெயர் – கடிதம்

அன்புள்ள ஐயா,

எங்கள் கல்லூரி மூலிகைத் தோட்டத்தில் முசுமுசுக்கைக்கு ‘முக்கியா மதெராஸ்பதானா’ என்று பலகை வைத்திருக்கிறார்கள். இரண்டாம் சொல்லை ‘மதெரா – ஸ்பதானா’ என்று நிறுத்திப் படிக்கிறோம். அது சரியா? அதன் பொருள் என்ன?

– தாவரவியல் மாணவி, குடியாத்தம்

அன்புள்ள மாணவிக்கு,

‘மதெரா’வில் நிறுத்தினால் சொல்லுக்குள் இருக்கும் ஊர் மறைந்துவிடும். அது மதராசப்பட்டினம். ஐரோப்பியர் நாவில் அந்தப் பெயர் ‘மதெராஸ்பத்’ எனக் குறுகியது. அவர்கள் எழுத்தில் டகரத்துக்கும் தகரத்துக்கும் வேறுபாடு இல்லாததால் பட்டினத்தின் டகரமும் போயிற்று. அதனோடு ‘அவ்விடத்தைச் சார்ந்த’ என்று பொருள்தரும் ‘ஆனா’ என்னும் லத்தீன் விகுதி சேர்ந்திருக்கிறது. நம் அணைக்கட்டுப் பக்கத்து முள்கத்தரியை இலவம்பாடிக் கத்தரி என்கிறோமே, அந்த வகைப் பெயர்தான் இதுவும்.

ஆனால் ‘இலவம்பாடி’ எந்தக் காயின் முன் நின்றாலும் மாறாது. லத்தீன் அடைமொழியோ, முன்னால் நிற்கும் பேரினப் பெயரின் (நெருங்கிய செடிகளின் தொகுதிக்குரிய முதற்சொல்லின்) பாலுக்கேற்ப ஈறு மாறும். 1753இல், செடிகளுக்கு இருசொற்பெயரிடும் முறையை நிலைநாட்டிய லின்னேயஸ் இக்கொடியை வெள்ளரியின் பேரினமான குக்குமிஸில் வைத்தார். அது ஆண்பால் என்பதால் ‘மதெராஸ்பதானுஸ்’ என்று எழுதினார். பின்னர் முக்கியா என்னும் பெண்பால் பேரினத்துக்கு மாற்றியபோது ‘மதெராஸ்பதானா’ ஆயிற்று. அண்மைக் காலத்தில் மறுபடியும் குக்குமிஸில் சேர்த்திருக்கிறார்கள். ஆகவே இரு வடிவங்களையும் கண்டு குழம்ப வேண்டாம். இரண்டும் காட்பாடியில் எங்கள் வீட்டு வேலியில் படர்ந்து, இலையைக் கிள்ளினால் உப்புத்தாள்போல் விரலில் சொரசொரத்து, சுண்டைக்காய் அளவில் சிவப்பாகப் பழுக்கும் அதே கொடிதான்.

இனி ஒலிப்பு. ம–தெ–ராஸ்–ப–தா–னா என லத்தீன் கணக்கில் ஆறு அசைகள். ஈற்றயல் அசை, அதாவது கடைசிக்கு முந்தைய அசை, நெடிலானால் அழுத்தம் அதன்மேல் விழும் என்பது லத்தீன் விதி; எனவே ‘தா’வை அழுத்துங்கள். நம் யாப்பில் அலகிட்டால் மதெ–ராஸ், பதா–னா என்று நிரைநேர், நிரைநேர் வரும், இரண்டு புளிமா. செடியின் பெயர் மரத்தின் பெயரால் அமைந்த வாய்பாட்டில் வந்து நிற்பது எனக்குப் பெருமகிழ்ச்சி தருகிறது. ‘ஸ்’ எப்படிப் பிரித்தாலும் ‘ரா’வோடுதான் சேரும். பொருளுக்காகப் பிரிக்கும்போது ‘பத் + ஆனா’. ஓசைக்காகப் பிரிக்கும்போது ‘ப–தா–னா’. இரண்டும் ஒரே இடத்தில் வெட்டுவதில்லை. செய்யுளில் சீர் அமைவதற்காகச் சொல்லைப் பிளப்பதை வகையுளி என்று படித்திருப்பீர்களே, அதை நினைத்துக்கொண்டால் போதும்.

கீழாநெல்லியின் பேரினத்திலும் ‘மதெராஸ்பதென்சிஸ்’ என்றொரு செடி உண்டு. ஊர் அதே ஊர். விகுதி மட்டும் ‘என்சிஸ்’. அங்கே ஈற்றயலில் நெடில் இல்லாவிட்டாலும் ஒற்றடுத்த குறில் இருப்பதால் அழுத்தம் ‘தென்’மேல் விழும்.