முன்னாள் மாணவர் பட்டியலைப் பார்த்துத் தனியார் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுக்கலாமா?

மதிப்பிற்குரிய ஐயா,

இவ்வாண்டு இங்கே தென்னாப்பிரிக்காவில் பள்ளி இறுதித் தேர்வான மெட்ரிக் எழுதவிருக்கும் தங்கள் மகளுக்காகத் தாங்கள் அனுப்பிய இரண்டு விளம்பர ஏடுகளையும் முழுமையாகப் படித்தேன். ஒன்று டர்பனில் வளாகம் வைத்திருக்கும் தனியார் கல்லூரியினுடையது. மற்றொன்று இந்தியாவிலுள்ள ஒரு தனியார் பல்கலைக்கழகத்தினுடையது. இரண்டிலும் பாடத்திட்டத்தைவிடப் புகழ்பெற்ற முன்னாள் மாணவர்களின் படங்களுக்கே அதிக இடம் தரப்பட்டிருக்கிறது. "இத்தனை பெரியவர்கள் படித்த இடம் என்றால் நம்பிச் சேர்க்கலாம் அல்லவா?" என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தப் பட்டியலை ஒதுக்கிவிடச் சொல்லமாட்டேன். ஆனால் அதை நம்பிப் பணம் கட்டுவதற்கு முன், அது எப்படித் தயாராகிறது என்பதை அறிந்துகொள்ள வேண்டும்.

"எங்கள் முன்னாள் மாணவர்" என்ற சொல்லுக்குள் பலவகை மனிதர்கள் அடங்கிவிடுகிறார்கள். முழுப் படிப்பையும் முடித்தவர், பாதியில் விட்டுச் சென்றவர், வகுப்பறைக்கே வராமல் கௌரவப் பட்டம் பெற்றவர், சில வாரங்கள் மட்டும் நடக்கும் நிர்வாகப் பயிற்சிக்கு வந்து சான்றிதழ் வாங்கியவர் என எல்லோரும் ஒரே வரிசையில் சிரித்துக்கொண்டிருப்பார்கள். ஹார்வர்டு என்ற தனியார் பல்கலைக்கழகத்தின் பெயரோடு பில் கேட்ஸ் எப்போதும் சேர்த்தே பேசப்படுகிறார்; அவர் 1975இல் படிப்பை விட்டு வெளியேறியவர், 2007இல்தான் கௌரவப் பட்டம் பெற்றார். ஹாட்மெயில் மின்னஞ்சல் சேவையைத் தொடங்கியவர்களில் ஒருவரான சபீர் பாட்டியாவை இந்தியாவின் பிலானியிலுள்ள பிட்ஸ் என்ற தனியார் பொறியியல் நிறுவனத்தோடு சேர்த்துச் சொல்வார்கள். அவர் அங்கே தொடங்கிய படிப்பை அமெரிக்காவின் கால்டெக் எனப்படும் கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்துக்கு மாறிச் சென்று தொடர்ந்தவர். இவற்றில் பொய் எதுவுமில்லை. ஆனால் படத்தைப் பார்க்கும் பெற்றோருக்கு அந்த வேறுபாடு தெரிவதில்லை.

முறையாகப் படித்து முடித்தவர்களின் கதையிலும் கவனிக்க ஒன்று உண்டு. மைக்ரோசாஃப்டின் சத்யா நாதெள்ளா 1988இல் மணிப்பால் தொழில்நுட்பக் கல்லூரியில் பொறியியல் முடித்தார். அது நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தின், அதாவது தானே பட்டம் வழங்கும் தகுதி பெற்ற நிறுவனத்தின், பகுதியானது அதன் பிறகுதான். அவர் மேலும் விஸ்கான்சின் மாநிலத்தின் அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றிலும், தனியாருக்குரிய சிகாகோ பல்கலைக்கழகத்திலும் படித்தார். மூன்று நிறுவனங்களும் அவரைத் தம்முடையவர் என்றே சொல்லும், சொல்லவும் உரிமை உண்டு. ஆனால் அவரது உயர்வில் எந்த நிறுவனத்தின் பங்கு எவ்வளவு என்பதை ஒரு படத்தை வைத்து யாராலும் கணக்கிட முடியாது.

நம் ஊர்க்காரர் ஒருவரையே எடுத்துக்கொள்வோம். டர்பனின் கிளேர்வுட் பகுதியில் ஒரு பேருந்து ஓட்டுநரின் மகளாக 1941இல் பிறந்த நவநீதம் பிள்ளை அவர்கள், ஹார்வர்டில் சட்ட முனைவர் பட்டம் பெற்ற முதல் தென்னாப்பிரிக்கர் என்ற பெருமைக்குரியவர். 2008 முதல் 2014 வரை ஐக்கிய நாடுகள் மன்றத்தின் மனித உரிமை ஆணையராக இருந்தார். அவர் பெயர் இடம்பெறுவது எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் பெருமைதான். ஆயினும் ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். அவர் இளங்கலைப் பட்டத்தை 1963இலும் சட்டப் பட்டத்தை 1965இலும் இங்குள்ள நேட்டால் பல்கலைக்கழகத்தில் பெற்றார். அந்தப் படிப்புக்குக் கிளேர்வுட் இந்தியச் சமூகம் பணம் திரட்டிக் கொடுத்தது. வெள்ளையரல்லாத பெண்களில் முதலாமவராக நேட்டாலில் 1967இல் சொந்த வழக்கறிஞர் அலுவலகம் திறந்து, நிறவெறி ஆட்சியை எதிர்த்தவர்களுக்காக வாதாடினார். ஹார்வர்டின் முதுகலைப் பட்டம் 1982இல், முனைவர் பட்டம் 1988இல். அதாவது அங்கே போவதற்கு முன்பே அவர் நவநீதம் பிள்ளையாகியிருந்தார். புகழ்பெற்ற தனியார் பல்கலைக்கழகங்கள் இத்தகையவர்களைத் தேடித் தேர்ந்தெடுக்கின்றன. அவர்களுக்கு நல்ல நூலகமும் ஆசிரியர்களும் பயன்பட்டிருப்பார்கள் என்பதில் ஐயமில்லை, ஆனால் சேர்க்கையிலேயே பாதி வடிகட்டல் நடந்துவிடுகிறது. எல்லா விண்ணப்பதாரரையும் சேர்த்துக்கொள்ளும் ஒரு கல்லூரி அதே வகைப் பட்டியலைக் காட்டினால், அதற்கு அதே பொருள் இல்லை.

இதன் மறுபக்கமும் உண்டு. நம் நாட்டின் தனியார் கல்லூரிகள் பலவும் 1990களுக்குப் பின் வளர்ந்தவை; அங்கே முதலில் பட்டம் பெற்றவர்களே இப்போதுதான் நடுத்தர வயதை எட்டியிருப்பார்கள். அத்தகைய கல்லூரியில் உலகறிந்த பெயர்கள் இல்லாதது குறையாகாது. இருபது ஆண்டு வயதுள்ள நிறுவனம் பத்துப் பிரபலங்களைக் காட்டினால்தான் எனக்கு ஐயம் எழுகிறது.

ஆகவே தங்கள் கேள்வியைச் சற்று மாற்றிக் கேட்கலாம். தங்கள் மகள் விரும்பும் கணினிப் பொறியியல் படிப்பில் மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கு முன் பட்டம் பெற்றவர்கள் இன்று என்ன செய்கிறார்கள்? எத்தனை பேர் சேர்ந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் உரிய காலத்தில் முடித்தார்கள் என்று கல்லூரிக்கு எழுதிக் கேளுங்கள். லிங்க்ட்இன் தளத்தில் ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் பக்கத்திலும் முன்னாள் மாணவர்களுக்கென ஒரு பகுதி உண்டு. அதில் ஆண்டையும் துறையையும் குறித்துத் தேடினால், அவர்கள் எந்த நிறுவனங்களில் எந்தப் பொறுப்பில் இருக்கிறார்கள் என்பது தெரியும். நல்ல வேலையில் இருப்பவர்களே அங்கே அதிகம் தென்படுவார்கள் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும். மகளே அவர்களில் இரண்டு மூன்று பேருக்கு மரியாதையாக ஒரு செய்தி அனுப்பட்டும். உலகப் பிரபலம் தங்கள் மகளுக்கு வேலை தரப்போவதில்லை. டர்பனை அடுத்த உம்ஷ்லாங்காவில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பணிபுரியும் நான்கு ஆண்டு மூத்த மாணவி ஒருவர் அவளுடைய விண்ணப்பத்தைத் தம் மேலாளரிடம் கொடுக்கக்கூடும்.

பட்டியலைவிட முதலில் பார்க்க வேண்டியது அங்கீகாரம். இங்குள்ள தனியார் கல்லூரி என்றால், உயர்கல்வித் துறையின் தனியார் நிறுவனப் பதிவேட்டில் அதன் பெயரும் குறிப்பிட்ட படிப்பின் பெயரும் இருக்கின்றனவா, அந்தப் பட்டம், படிப்புகளை நிலைவாரியாக வரிசைப்படுத்தும் தேசியத் தகுதிக் கட்டமைப்பில் எந்த நிலையில் பதிவாகியுள்ளது என்று சரிபாருங்கள். சாதாரண இளங்கலைப் பட்டம் ஏழாம் நிலை, நான்காண்டுத் தொழில்சார் பட்டம் எட்டாம் நிலை. பொறியாளராகப் பதிவு பெற வேண்டுமானால் தென்னாப்பிரிக்கப் பொறியியல் மன்றம் அந்தப் படிப்பை ஏற்றிருக்க வேண்டும். இந்தியப் பட்டத்தின் நிலை சற்றுச் சிக்கலானது. பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்கும் வாஷிங்டன் உடன்படிக்கையில் தென்னாப்பிரிக்கா 1999இலும் இந்தியா 2014இலும் சேர்ந்தன. ஆனால் இந்தியாவில் தேசிய அங்கீகார வாரியத்தின் முதல் அடுக்கில் இடம்பெற்ற படிப்புகளுக்கே அது பொருந்தும். பல்கலைக்கழகம் பெயர்பெற்றது என்பதால் அதன் எல்லாத் துறைகளும் அதில் அடங்கிவிடா. பட்டத்தோடு திரும்பி வந்தபின், வெளிநாட்டுப் பட்டங்களை மதிப்பிடும் தென்னாப்பிரிக்கத் தகுதி ஆணையத்தின் சான்றிதழையும் பெரும்பாலும் கேட்பார்கள்.

செலவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். குடும்ப ஆண்டு வருமானம் 3,50,000 ராண்டுக்குள் இருந்தால் கிடைக்கும் என்எஸ்எஃப்ஏஎஸ் என்ற அரசு மாணவர் நிதியுதவி அரசுப் பல்கலைக்கழகங்களுக்கும் அரசுத் தொழிற்கல்லூரிகளுக்கும் மட்டுமே உரியது. தனியார் கல்லூரியில் சேர்ந்தபின் அதைக் கேட்டுப் பயனில்லை. வேறு பர்சரியைத்தான், அதாவது கல்வி உதவித்தொகையைத்தான், தேட வேண்டும்.

தாங்கள் எந்த முடிவுக்கு வந்தாலும், குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழகத்துக்கும் டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்குமான விண்ணப்பத்தை மத்திய விண்ணப்ப அலுவலகத்தின் வழியாக இப்போதே போட்டுவிடுங்கள்; வழக்கமாக அந்த வாயில் செப்டம்பர் இறுதியில் அடைபடும், தனியார் கல்லூரிகளோ ஜனவரியிலும் இடம் தருவார்கள். இரண்டு ஏடுகளிலும் உள்ள கணினிப் பொறியியல் பக்கங்களை மட்டும் பிரித்து, மேற்சொன்ன கேள்விகளுக்குக் கல்லூரிகள் தரும் எழுத்துமூலப் பதிலோடு எனக்கு அனுப்பினால், மகளையும் உடன் வைத்துக்கொண்டு ஒப்பிட்டுப் பார்ப்போம்.